குளிரில் காத்திருந்த ரத்தம்

வாங்க கண்ணுகளா, கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். குக்கர் கூப்பிட்டால் எழுந்து போய் அணைத்துவிட்டு வரலாம், நான் எங்கும் போய்விட மாட்டேன். இந்த வாரம் உங்களுக்கு ஒரு ரத்தத்தின் கதையைச் சொல்லப் போகிறேன். சுண்டுவிரல் நுனி அளவுக் குப்பியில் அடங்கிவிடுகிற ரத்தம்தான். ஆனால் அது சொன்ன சேதியைக் கேட்டால், நீங்களும் என்னைப் போல அடுப்பில் பால் பொங்குவது தெரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

போன வாரம் நூர்னிசாவை எங்கே விட்டோம்? குளியலறை மூலையில். துவைக்கப் போட்ட துணிகளுக்கு அடியில் கிடந்த சின்னக் காஸ் துணித் துண்டைக் கையில் எடுத்தவள், அதிலிருந்த ரத்தக் கறையைப் பார்த்ததும் அப்படியே கதவில் சாய்ந்துவிட்டாள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ராஜபாளையத்தில் அகமது கபீர் வீடு பேண்டேஜ் வீடு. புண்ணுக்குக் கட்டுகிற மெல்லிய காஸ் துணி சலவையாகி வரும், அதைக் கபீர் அளவு பார்த்து வெட்டுவார். மனைவி நூர்னிசாவும் மருமகள் ஷிஃபாவும் அதை ரோலாகச் சுற்றுவார்கள். மகன் அனஸ் தன் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஊர் ஊராகப் போட்டுவிட்டு வருவான். அந்த வீட்டில் டீ வடிகட்டுவதும் காஸ் துணியில், கண்ணாடி துடைப்பதும் காஸ் துணியில். ஒரு துண்டு எந்த மூலையில் கிடந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ரத்தம் இருந்தால்தான் பார்ப்பார்கள்.

அதுவும் மருமகள் ஐந்தாம் மாதப் பிள்ளைத்தாச்சியாக இருக்கிற வீட்டில். அதுவும் முந்தின வருடம் ஏழாம் மாதத்தில் ஓர் ஆண் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே அசைவு நின்றுபோய்ப் பிறந்த வீட்டில். கூரை தொட வெள்ளைத் துணி அடுக்கியிருந்தும், அன்றைக்குக் கபீர் கடைவீதிவரை நடந்து போய் வேறு துணி வாங்கி வந்துதான் அந்தப் பிள்ளையைப் பொதிந்தார். வயிற்றுக்குச் சோறு போடுகிற துணியை அதற்கு வெட்ட அவர் கை வரவில்லை.

நூர்னிசா அந்தக் கறைத் துண்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் நடந்துவிடும் என்று பயம். மருமகளே சொல்லட்டும் என்று காத்திருந்தாள். மருமகள் சொல்லவில்லை.

இப்படியே செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. ஷிஃபாவுக்குப் பிரசவம் பார்க்கிற டாக்டர் ஷெரின் வரச் சொன்ன நாள்.

*

ராஜபாளையத்தில் டாக்டர் ஷெரினின் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற அறை ஒரு சமையலறை அளவுதான். பாண்டிசெல்வி என்ற பெண் ஷிஃபாவின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, ஊசியைப் போட்டு, குழாயில் ரத்தத்தை எடுத்தாள். அதை ஒரு வட்டமான பெட்டிக்குள் சொருகி மூடினாள். பெட்டி உறுமத் தொடங்கியது.

"ஏம்மா, இதென்ன மிக்சி மாதிரி?" என்றாள் நூர்னிசா.

"ரத்தத்தைச் சுத்துற மிஷினும்மா. செத்த நேரம் நில்லுங்க, காட்டுறேன்."

பெட்டி நின்றது. பாண்டிசெல்வி குழாயை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். சிவப்பெல்லாம் அடியில் போய் இறுகிக் கிடந்தது. அதற்கு மேலே, தெளிந்த மஞ்சளாக, மலைத்தேன் போல ஒன்று நின்றது.

நூர்னிசா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு குனிந்தாள். இத்தனை வருடத்தில் அவள் கையால் சுற்றின பேண்டேஜ் எத்தனை பேர் ரத்தத்தைக் குடித்திருக்கும்! ஆனால் ரத்தத்துக்குள்ளே இப்படி ஒரு நிறம் இருக்கிறதென்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"சுபஹானல்லாஹ்... ஏட்டி ஷிஃபா, இங்க பாரு. உன் ரத்தத்துக்குள்ள தேன் இருக்கு."

ஷிஃபா முக்காட்டை வலது கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு லேசாகச் சிரித்தாள். வாயைத் திறக்காத சிரிப்பு.

"அந்தத் தேனுலதாம்மா அம்புட்டு சேதியும் இருக்கு" என்றாள் பாண்டிசெல்வி.

*

முடிவு வந்ததும் டாக்டர் ஷெரின் உள்ளே கூப்பிட்டார். அனஸ் வண்டியை ஓரம்கட்டிவிட்டு ஓடி வந்து கதவோரம் நின்றுகொண்டான்.

"இது சி.ஆர்.பி.ன்னு ஒரு புரதம்" என்றார் டாக்டர். "உடம்புல எங்கயாவது புண்ணு, வீக்கம், கிருமின்னு இருந்தா கல்லீரல் இதை ரத்தத்துல இறக்கி விடும். பிள்ளை உண்டானாலே கொஞ்சம் ஏறும், அது சகஜம். ஷிஃபாவுக்கு மூணாம் மாசமே அதிகமா இருந்துச்சு. இன்னைக்கு அதைவிட அதிகம்."

"ஏறுனா என்ன செய்யும் டாக்டர்?" என்றான் அனஸ்.

"மூணாம் மாசம் இந்த அளவு ஏறிக் கிடக்குற பொண்ணுங்கள்ல கொஞ்சம் பேருக்குப் பின்னாடி சர்க்கரை வருது. மத்தவங்களைவிட இவங்களுக்கு அதிகமா வருதுன்னு நெறைய பேரோட ரத்தத்தை எடுத்துப் பாத்து சொல்லிருக்காங்க. உள்ளுக்குள்ள வீக்கம் கனிஞ்சுகிட்டே இருந்தா, இன்சுலின் சொல்றதை உடம்பு சரியாக் கேக்காது."

"எம்மருமகளுக்குச் சக்கரை இல்லன்னுதான போன தடவ வந்தப்ப சொன்னீங்க?" என்றாள் நூர்னிசா.

"இப்பவும் இல்லம்மா. நார்மலாத்தான் இருக்கு. சர்க்கரை வாறதுக்கு ரொம்ப முன்னாடியே இந்த ரத்தம் நம்மள உஷார்படுத்துது."

"வாறதுக்கு முந்தியேவா?"

"முந்தியேதான்."

நூர்னிசா ஷிஃபாவின் முழங்கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தாள். கார்மேகம் மலையில் தெரிகிறதுக்கு முன்னாலேயே எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரேறுவதை அவள் பார்த்திருக்கிறாள். எறும்புக்கு யார் சொன்னது? இந்த இருபத்திச் சொச்சம் வயதுப் பெண்ணின் ரத்தத்துக்கு யார் சொன்னது?

"பயமுறுத்துறதுக்குச் சொல்லல" என்றார் டாக்டர். "கண்டிப்பா வரும்னு அர்த்தம் இல்ல. கூடுதலா கவனிக்கணும்னு அர்த்தம். ஆனா இம்புட்டு ஏறுதுன்னா உள்ள எங்கயோ கோளாறு இருக்கு. எந்த எடம்னு சொல்ல இந்த ரத்தத்துக்குத் தெரியாது. அதை ஷிஃபாதான் சொல்லணும். எங்கம்மா வலிக்குது?"

"எங்கயும் இல்ல டாக்டர்."

"காய்ச்சல்? ஒண்ணுக்குப் போகையில எரிச்சல்?"

"இல்ல டாக்டர்."

"சரி, அதையும் ஒரு டெஸ்ட் பாத்துருவோம். இந்த டப்பாவுல பிடிச்சிட்டு வா."

ஷிஃபா டப்பாவை வாங்கிக்கொண்டு வெளியே போனாள். கதவு மூடின சத்தம் கேட்டதுதான் தாமதம். நூர்னிசாவின் கை தானாகப் பையின் ஜிப்பை இழுத்தது.

"டாக்டரம்மா, பிள்ளைக்கு ரத்தம் போகுது."

"அம்மா!" என்றான் அனஸ்.

"நீ சும்மா இருலே. நாலஞ்சு நாளா இதைத் தூக்கிக்கிட்டே அலையிதேன். அவ சொல்ல மாட்டேங்கா. கேக்க எனக்குத் தெம்பு இல்ல. போன தடவ மாதிரி ஆயிருமோன்னு..." பிளாஸ்டிக் கவரை மேசையில் வைத்தாள்.

டாக்டர் அதைப் பிரித்துப் பார்க்கக்கூட நிற்கவில்லை. எழுந்து வெளியே போய், "ஷிஃபாவை ஸ்கேன் ரூமுக்குக் கூட்டிட்டு வா" என்று பாண்டிசெல்வியிடம் சத்தமாகச் சொன்னார்.

*

ஷிஃபாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. படுக்கச் சொன்னார்கள், படுத்தாள். வயிற்றில் குளிர்ந்த ஜெல்லைத் தடவினார்கள். தலைமாட்டில் மாமி எதையோ ஓதிக்கொண்டிருந்தாள். கால்மாட்டில் மச்சான் அனஸின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"என்ன மச்சான்?"

"ஒண்ணும் இல்ல. படு."

டாக்டர் கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தினார். திரையில் சாம்பல் நிறப் புகை அலைந்தது. ஒரு சுவிட்சைத் தட்டினார்.

அறை முழுவதும் சத்தம் நிறைந்தது. தடதட, தடதடவென்று, தறிக்கூடத்து வாசலைத் தாண்டும்போது கேட்கிற சத்தம். நிற்காமல், மூச்சு வாங்காமல், தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டு ஓடுகிற சத்தம்.

நூர்னிசாவின் ஓதல் நின்றுவிட்டது.

"பிள்ளை நல்லா இருக்கு" என்றார் டாக்டர். "ரத்தம் கசிஞ்ச அடையாளமே இல்ல. பாருங்க, கையை ஆட்டுது."

திரையில், அந்தப் புகைக்கு நடுவே, ஒரு கை உயர்ந்து தாழ்ந்தது. அனஸ் தன் கையை லேசாகத் தூக்கி, பிறகு வெட்கப்பட்டு இறக்கிக்கொண்டான்.

"ரத்தமா? யாருக்கு ரத்தம் போச்சு?" என்று கேட்டாள் ஷிஃபா.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு அந்தக் கவரை எடுத்து வந்து பிரித்தார். பிரித்த கை நின்றது. மூக்கருகே கொண்டுபோனார்.

"நூர்னிசாம்மா, இதை மோந்து பாத்தீங்களா?"

"பாக்கவே நடுங்குனேன், மோந்து எங்க பாக்க?"

"இப்பப் பாருங்க."

நூர்னிசா குனிந்தாள். கிராம்பு வாசம். பிரியாணிக்குத் தாளிக்கும்போது வருகிற வாசம் இல்லை, அதைவிடக் காட்டம். கிராம்புத் தைலம்.

டாக்டர் ஷிஃபாவின் பக்கம் திரும்பினார். "முக்காட்டை எடும்மா. வாயைத் திற."

ஷிஃபா திறக்கவில்லை. கண்ணீர்தான் முதலில் வந்தது. பிறகு முக்காடு விலகியது. வலது கன்னம் தாடையோரம் வீங்கி மினுமினுத்தது. வாயைத் திறந்தபோது கடைவாயில் இன்னொரு காஸ் துணித் துண்டு, தைலத்தில் நனைத்துச் சுருட்டி அடைத்தது, மஞ்சளும் சிவப்புமாகத் தெரிந்தது.

"எம்புட்டு நாளா இது?" என்றார் டாக்டர்.

"மூணாம் மாசத்துல இருந்து அப்பப்ப வலிக்கும் டாக்டர். இப்ப நாலஞ்சு வாரமா விடாம வலிக்குது."

நூர்னிசாவுக்குப் பல விஷயங்கள் ஒரே நொடியில் விளங்கின. வாந்தி வருகிறது என்று சோற்றைத் தள்ளி வைத்தது. கஞ்சியை இடது பக்கமாகவே விழுங்கினது. வீட்டுக்குள்ளேயும் முக்காட்டை இழுத்து இழுத்து விட்டது.

"ஏட்டி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன அந்நியமா? ஒரே ரோலோட ரெண்டு நுனியத்தானடி பிடிச்சிட்டு உக்காந்துருக்கோம் நாளெல்லாம்!"

ஷிஃபா முகட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்கதான சொன்னீங்க மாமி."

"நான் என்ன சொன்னேன்?"

"போன தடவ... பிள்ளையோட மையத்தை அடக்கத்துக்கு எடுத்துட்டுப் போன பொறவு. பாயில உக்காந்து சொன்னீங்க. அந்தப் பல்லை மட்டும் பிடுங்காம இருந்திருந்தா என் பேரன் தங்கியிருப்பான்னு."

துடிப்புச் சத்தத்தின் சுவிட்சை டாக்டர் எப்போதோ அணைத்திருந்தார்.

நூர்னிசாவுக்கு அப்படிச் சொன்னதாக ஞாபகமே இல்லை. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. அன்றைக்கு என்னென்னவோ சொல்லிப் புலம்பியிருப்பாள். அவள் வாய் மறந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இந்தப் பெண் இத்தனை நாள் பல்லைக் கடித்துக் கிடந்திருக்கிறாள். அதுவும் கடிக்க முடியாத பல்லை.

"இந்தப் பிள்ளையாச்சும் தங்கட்டும்னு நெனச்சேன் மாமி" என்றாள் ஷிஃபா. "வலி எனக்குத்தான, பிள்ளைக்கு இல்லையேன்னு."

*

திரும்ப மேசைக்கு வந்து உட்கார்ந்ததும் டாக்டர் ஷெரின் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

"முதல்ல ஒண்ணு கேட்டுக்கோங்க. பிள்ளைத்தாச்சி பல்லுக்கு வைத்தியம் பாக்கக் கூடாதுங்குறது தப்பு. சீழ் வச்ச பல்லை வாய்க்குள்ளயே வச்சிருக்குறதுதான் ஆபத்து. இன்னைக்கே பாத்துரணும். இந்த அளவு ஏறுனதுக்கு அது ஒரு காரணமா இருக்கலாம், ஒரே காரணம்னு சொல்ல மாட்டேன். பல்லைச் சரி பண்ணிட்டு, கொஞ்ச நாள் கழிச்சுத் திரும்ப ரத்தம் பாப்போம். சர்க்கரைத் தண்ணி டெஸ்டை மட்டும் இந்தத் தடவை விடக் கூடாது."

அனஸ் தலையைக் குனிந்துகொண்டான். போன முறை அந்தச் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்ததும் ஷிஃபா வாந்தி எடுத்துவிட்டாள். பொறவு பாத்துக்கலாம் என்று வீட்டுக்குக் கூட்டி வந்தவன் அவன்தான். திரும்பப் போகவே இல்லை. வயிறு மாதத்துக்கு மீறிப் பெரிதாக இருந்ததைப் பார்த்து, "என் பேரன் பயில்வான்ல" என்று தெருவெல்லாம் பெருமை பேசியவள் நூர்னிசா. பிள்ளை சர்க்கரையில் ஊதிக்கொண்டிருக்கலாம் என்று யார் கண்டார்கள்?

"அப்ப, பல்லைப் பிடுங்குனதால இல்லையா டாக்டர்?" என்று கேட்டாள் ஷிஃபா.

"இல்லம்மா."

"நெசமாவா? எனக்காகச் சொல்லுதீங்களா?"

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். "ஷிஃபா, போன தடவ மூணாம் மாசம் ஒரு ஆராய்ச்சிக்குன்னு கூடக் கொஞ்சம் ரத்தம் குடுத்தியே, ஞாபகம் இருக்கா? கையெழுத்துக்கூடப் போட்ட."

"மதுரைக்கு அனுப்பணும்னு சொன்னீங்களே, அதுவா?"

"அதேதான். இந்த மாதிரி அளவுகளை முன்கூட்டியே பாத்து சர்க்கரையைக் கண்டுபிடிக்க முடியுமான்னு பாக்குறதுக்கு. அந்தத் தேன் கலர்த் தண்ணியை மட்டும் பிரிச்சு, சின்னக் குப்பியில ஊத்தி உறைய வச்சிருக்காங்க. ஐஸை விடப் பல மடங்கு குளிர்ல. உன் குப்பி இன்னும் அங்க இருக்கு."

அனஸ் குனிந்த தலையை நிமிர்த்தினான்.

கண்ணுகளா, இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை மண்ணுக்குப் போய்விட்டது. அது இந்த உலகத்தில் இருந்ததற்கு ஒரு படம் இல்லை, பெயர் இல்லை. ஆனால் அது உயிரோடு தாய் வயிற்றில் சுருண்டு கிடந்த ஒரு காலை நேரத்து ரத்தம், மதுரையில் ஒரு குளிர்ப்பெட்டிக்குள், கெடாமல், அந்தக் காலையை அப்படியே வைத்துக்கொண்டு இருக்கிறது. யாராவது வந்து கேட்பார்கள் என்று.

"அது பல்லு எடுக்குறதுக்கு முந்தி எடுத்த ரத்தம்" என்றார் டாக்டர். "அந்த சி.ஆர்.பி. அளவு அப்பவே ஏறியிருந்துச்சுன்னா, உள்ள கோளாறு அதுக்கு முந்தியே ஆரம்பிச்சிருச்சுன்னு தெரிஞ்சிரும். ஏறாம இருந்தாலும் பல்லு எடுத்தது காரணம் இல்ல, அது எனக்கு இப்பவே தெரியும். உனக்குத் தெரியணும்ல? வேணும்னு நீ சொன்னாத்தான் கேப்பேன். யோசிச்சுச் சொல்லு."

ஷிஃபா அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு எழுந்தாள்.

*

பல் டாக்டர் ராஜபாளையத்திலேயே இருக்கிறார். ஆனால் போன முறை பல் பிடுங்கின அந்த மாடிப்படியில் கால் வைக்க ஷிஃபாவால் முடியாது. டாக்டர் ஷெரின் புரிந்துகொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் பிள்ளைத்தாச்சிகளுக்குப் பார்த்துப் பழகிய டாக்டர் அழகுராஜாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

குட்டியானையின் முன் சீட்டில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பின்னால் பேண்டேஜ் பெட்டிகள். ஒரு பக்கம் மலை கூடவே வந்தது.

நூர்னிசா மூக்கை உறிஞ்சினாள். ஷிஃபா மூக்கை உறிஞ்சினாள்.

"ரெண்டு பேரும் இப்படியே வந்தீங்கன்னா கண்ணாடியில ஆவி கட்டிரும். எனக்கு ரோடு தெரியாது" என்றான் அனஸ்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுலே. பொண்டாட்டி கன்னம் பன்னு மாதிரி வீங்கிக் கெடக்கு, அதைப் பாக்கத் தெரியல உனக்கு. ரோடு மட்டும் தெரிஞ்சிருமாக்கும்."

"நீங்க பாத்தீங்களாம்மா?"

நூர்னிசாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "நானும் பாக்கல. நம்ம ரெண்டு பேரும் குருடு. அவ ரத்தந்தான் பாத்திருக்கு."

போன் அடித்தது. கபீர். "என்னலே ஆச்சு? ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கீங்க."

"பிள்ளை நல்லாருக்கு அத்தா. கைய ஆட்டுச்சு."

அந்தப் பக்கம் கபீர் கத்தரியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "யாருக்கு ஆட்டுச்சு?"

"நம்ம எல்லாருக்குந்தான்."

*

டாக்டர் அழகுராஜா இள வயதுக்காரர். விளக்கைச் சாய்த்து, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு வெகு நேரம் பார்த்தார்.

"வேர் வரைக்கும் சீழ் கட்டிருக்கு. காப்பாத்தலாம்னு பாத்தேன், முடியாதும்மா. எடுத்துரலாம். அஞ்சாம் மாசம் இதுக்கு நல்ல சமயந்தான். ஷெரின் டாக்டர்கிட்டயும் பேசிட்டேன். வலி தெரியாம இருக்கப் போடுற மரப்பு ஊசியும் பிள்ளைக்கு ஒண்ணும் பண்ணாது."

ஷிஃபா சாய்ந்த நாற்காலியில் படுத்தபடி தலையை மட்டும் திருப்பி மாமியைப் பார்த்தாள். கேள்வி எதுவும் கேட்காத கண்கள். ஆனால் அந்தக் கண்கள் காத்திருந்தன.

எந்தக் காரியத்தால் பேரன் போனான் என்று நூர்னிசாவின் வாய் சொன்னதோ, அதே காரியத்துக்கு அதே வாய் சம்மதம் சொல்ல வேண்டும். காலையில் கேட்ட அந்தத் தறிச் சத்தத்தை மனதுக்குள் திரும்பக் கேட்டுப் பார்த்தாள். கேட்டது. நன்றாகவே கேட்டது.

"எடுங்க தம்பி" என்றாள். பிறகு நாற்காலிக்கு அருகே வந்து மருமகளின் காலைப் பிடித்துக்கொண்டாள். "நான் சொல்லுதேன். பிஸ்மில்லாஹ் சொல்லி எடுங்க."

பல் வந்துவிட்டது. பழுத்திருந்த இடம் உடைந்து வழிந்தது. அழகுராஜா சுத்தம் செய்து, தட்டிலிருந்து ஒரு துணித் துண்டை எடுத்து மடித்தார். "இதை நல்லாக் கடிச்சுப் பிடிச்சுக்கோங்க. பேசக் கூடாது."

நூர்னிசா அந்தத் தட்டிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து விரலிடையே தேய்த்துப் பார்த்தாள்.

"எந்த ஊர்த் துணி தம்பி இது?"

"உங்க பக்கந்தாம்மா. ராஜபாளையத்துச் சரக்கு."

நூர்னிசா மருமகளைப் பார்த்தாள். வாய் நிறைய வெள்ளைத் துணியோடு ஷிஃபா அவளைப் பார்த்தாள். வலியை மறைக்க அந்தப் பெண் வாய்க்குள் திணித்த அதே துணி. இப்போது எல்லாருக்கும் தெரிய, வெளிச்சத்தில், வைத்தியமாக அதே வாயில் இருக்கிறது. ஷிஃபாவின் கண்கள் சிரித்தன. பல நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் வலியில்லாத சிரிப்பு.

*

வெளியே வந்து வண்டியில் ஏறினபோது சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அனஸ் சாவியைப் போட்டான், ஷிஃபா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

தன் போனை எடுத்தாள். எண்ணைத் தேடி அழுத்தினாள். ஒலிக்கத் தொடங்கியதும், பேச முடியாத தன் வாயைச் சுட்டிக்காட்டிவிட்டு, போனை மாமியின் கையில் வைத்தாள்.

திரையில் டாக்டர் ஷெரின் பெயர்.

நூர்னிசா போனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். "அந்தக் குப்பியவா?"

ஷிஃபா தலையாட்டினாள்.

"அது என்ன சொன்னாலும் சரியா?"

மறுபடி தலையாட்டினாள். மாமியின் இன்னொரு கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"ஹலோ, ஷிஃபாவா? பல்லு எடுத்தாச்சா?" என்றது போன்.

"எடுத்தாச்சு டாக்டரம்மா. நான் நூர்னிசா பேசுறேன். அவ வாயில துணி." மருமகளைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள். "மதுரையில இருக்குற அந்தக் குப்பிய எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. எம்மருமக கேக்கா."

"சரிம்மா. நாளைக்கே எழுதுறேன். முடிவு வந்தா யாருகிட்ட சொல்ல? உங்ககிட்டயா, அனஸ்கிட்டயா?"

"அவகிட்டச் சொல்லுங்க. அவ ரத்தம் பேசுனதை அவதான மொதல்ல கேக்கணும்." நூர்னிசாவின் விரல்களுக்கடியில், உள்ளேயிருந்து, மீன் வால் தட்டினது போல ஒரு துடிப்பு. "நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்."

அனஸ் வண்டியை எடுத்தான். மதுரையில், அந்தக் குளிருக்குள், குப்பி இன்னும் வாய் திறக்கவில்லை.

என் கண்ணுகளா, உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளைத்தாச்சி இருப்பாள், இல்லாவிட்டால் நாளைக்கு வருவாள். வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்று அவள் வாய்விட்டுச் சொல்கிற வீடாக உங்கள் வீடு இருக்கட்டும். அதைக் காதில் வாங்குகிறவர்கள் அவளைச் சுற்றி எப்போதும் இருக்கட்டும். உங்கள் வாசலில் பிள்ளைச் சத்தம் நிற்காமல் கேட்கட்டும். நிறைவாயிருங்கள்.